மூன்று பேருக்குள் அடங்கிய தீவுகள்

2024 மக்களவைத் தேர்தலுக்குச் சற்று முன்பு, மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலுமாக, டெல்லியின் சி.எஸ்.டி.எஸ். ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த லோக்நிதி 10,019 வாக்காளர்களைச் சந்தித்து நாட்டின் மனநிலையைக் கணித்தது. அப்போது நாடு முழுக்க வாக்காளர்கள் ஏறத்தாழ 96.88 கோடி. அந்தமான் நிகோபார் தீவுகளில் 3.15 லட்சம். வாக்காளர் எண்ணிக்கைக்கு ஏற்றபடி அந்தப் பத்தாயிரம் பேரைப் பங்கிட்டால் தீவுகளுக்கு விழும் பங்கு மூன்று பேர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தீவுகளில் இருந்தவர்கள் 3,80,581 பேர்; மாயாபந்தரைத் தலைமையிடமாகக் கொண்ட வடக்கு மற்றும் நடு அந்தமான் மாவட்டத்தில் 1,05,597 பேர். அதாவது மொத்தத்தில் கால் பங்குக்குச் சற்று அதிகம். மூன்று பேரில் கால் பங்கு என்றால் மாயாபந்தருக்கு ஒரு முழு ஆள்கூடத் தேற மாட்டார். அந்த ஆய்வு 19 மாநிலங்களில் நடத்தப்பட்டது என்பதால் இந்த மூன்று பேரும் வெறும் கணக்குக்குத்தான்.

இதில் ஆய்வாளர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாடு தழுவிய சராசரியைத் தேடுகிறவர் மூன்று லட்சம் பேருக்காகக் கடல் தாண்ட மாட்டார். தாண்டினாலும் அவருடைய சராசரி அரைப் புள்ளிகூட அசையாது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் இதை ஒளிக்காமல் எழுதியே வைத்திருக்கிறது. 2019 நவம்பருக்கும் 2020 மார்ச்சுக்கும் இடையில், 17 மொழிகளில், 29,999 இந்தியர்களிடம் அது நடத்திய ஆய்வு, இந்தியரின் மதம், தேசியம், அரசியல் பற்றி இதுவரை வந்தவற்றில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. அந்தமான் நிகோபாரும் லட்சத்தீவும் எட்டாத தொலைவில் இருப்பதால் விட்டுவிட்டதாக அதன் செய்முறைக் குறிப்பு சொல்கிறது. கரோனா குறுக்கிட்டதால் மணிப்பூரும் சிக்கிமும் விடுபட்டன. கணக்கியல்படி நியாயமான முடிவுதான். ஆனால் 2021-இல் அந்த அறிக்கை வந்தபின் “இந்தியர்கள் இப்படி நினைக்கிறார்கள்” என்ற தலைப்புகளில் அந்தக் குறிப்பு எங்கும் ஒட்டிக்கொண்டு வரவில்லை.

சராசரியில் ஓர் ஊர் விடுபடுவது பெரிய அநியாயம் அல்ல. அந்தச் சராசரியை எடுத்து அந்த ஊரின் தலையில் கவிழ்ப்பதுதான் அநியாயம். வலதுசாரி அரசியலுக்கு மக்கள் தரும் ஆதரவை அளக்கும் கணிப்புகள், நாளடைவில் “நாட்டின் முன்னுரிமை இது” என்று சொல்வதற்கான சான்றுகளாக ஆகிவிடுகின்றன. ஒரு கட்சிக்கு நாற்பது சதவீத ஆதரவு என்றால், அந்தக் கட்சியின் திட்டப்பட்டியல் முழுவதற்கும் மக்கள் கையெழுத்துப் போட்டுவிட்டதாகப் பேசப்படுகிறது. வாக்கு ஒரு செய்தி, முன்னுரிமை வேறொரு செய்தி. இரண்டையும் பிரித்துக் கேட்காத கணிப்பு எந்த ஊரையும் தப்பாகத்தான் படிக்கும். மாயாபந்தரை எடுத்துக்கொண்டால் அந்தத் தப்பு மிகத் தெளிவாகத் தெரிகிறது. ஏனென்றால் தேசிய முன்னுரிமை என்று டெல்லியில் பேசப்படுபவை இந்தத் தீவுகளில் வந்து சாலையாக, துறைமுகமாக, பெயர்ப்பலகையாக, காட்டு எல்லையாக இறங்குகின்றன. கொள்கை அதிகம் இறங்கும் இடத்தில் கேள்வி மிகக் குறைவாகக் கேட்கப்படுகிறது.

முதலில் தேசிய எண்களையே பார்க்கலாம். லோக்நிதியின் அந்த 2024 கணிப்பில், வாக்களிக்கும்போது எது பெரிய பிரச்சினை என்று கேட்டதற்கு வேலையின்மை என்றவர்கள் 27 சதவீதம், விலைவாசி என்றவர்கள் 23 சதவீதம். பாதிப் பேர் இந்த இரண்டிலேயே முடிந்துவிட்டார்கள். வளர்ச்சி என்றவர்கள் 13 சதவீதம். அயோத்தி ராமர் கோயில் என்றவர்கள் 8 சதவீதம். அதே ஆய்வில், மத்திய அரசின் செயல்களில் மிகவும் பிடித்தது எது என்ற கேள்விக்கு மட்டும் ஐந்தில் ஒருவருக்கு மேல் ராமர் கோயிலைச் சொன்னார்கள். கோயில் திறக்கப்பட்டு மூன்று மாதம்கூட ஆகாத நேரம் அது. பிடித்ததைச் சொல்லச் சொன்னால் ஒரு பதில், கவலையைச் சொல்லச் சொன்னால் இன்னொரு பதில். இரண்டுமே உண்மை. முதல் கேள்வியை மட்டும் வெளியிட்டால் நாடு மத உணர்வில் மூழ்கியிருப்பதாகத் தோன்றும். இரண்டாவதை மட்டும் வெளியிட்டால் ஆளும் கட்சி தோற்கப்போவதாகத் தோன்றும். வாக்களிக்கும் நோக்கத்தைக் கேட்டபோது அதே மக்களில் 40 சதவீதம் பேர் பா.ஜ.க. என்றார்கள், 21 சதவீதம் பேர் காங்கிரஸ் என்றார்கள். வேலையில்லை என்று வருந்துகிறவர் வேலை தராத அரசுக்கே வாக்களிப்பாரா என்று வியப்பவர்கள், வாக்கு என்பது குறைகளின் பட்டியலைக் கூட்டிக் கழித்துப் போடப்படுவது என்று நினைக்கிறார்கள். மாற்றாக இருப்பவர் இந்தக் குறையைத் தீர்ப்பாரா, இவர் போனால் இருப்பதும் போய்விடுமா என்ற எடைபோடலும் அதில் சேர்ந்திருக்கிறது. அந்த எடைபோடலைக் கேட்கும் கணிப்புகள் அரிது.

பியூ ஆய்விலும் இதே இரட்டைத் தன்மை உண்டு. உண்மையான இந்தியராக இருக்க இந்துவாக இருப்பது மிக முக்கியம் என்று இந்துக்களில் 64 சதவீதம் பேர் சொன்னார்கள். உண்மையான இந்தியராக இருக்க எல்லா மதங்களையும் மதிப்பது மிக முக்கியம் என்று இந்தியர்களில் 84 சதவீதம் பேர் சொன்னார்கள். இரண்டுக்கும் ஆம் என்றவர்கள் நிறையப் பேர் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் கணக்கு ஒத்துவராது. மேற்கத்திய அளவுகோலில் முதல் பதில் வலதுசாரி, இரண்டாவது தாராளவாதம். நம் மக்களிடம் இரண்டும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருக்கின்றன.

இங்கே சொல்லிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கிலேயர் நாட்டில் ஒரு கட்சி ‘கன்சர்வேடிவ்’ என்ற பெயரையே பெருமையாகச் சூடிக்கொண்டு இரண்டு நூற்றாண்டை நெருங்குகிறது. தமிழில் ‘பழமைவாதி’ என்பது வசைச்சொல். எவரும் தன்னை அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. ‘வலதுசாரி’யும் பெரும்பாலும் பிறர் ஒட்டும் முத்திரைதான். 1959-இல் ராஜாஜி தொடங்கிய சுதந்திரா கட்சி, அரசு தொழில் நடத்தக் கூடாது, உரிமம் கொடுத்து ஆளக் கூடாது என்ற பொருளில் வலதுசாரி. 1967-இல் மக்களவையில் 44 இடங்கள் பெற்றது. இன்றைய பா.ஜ.க. பண்பாட்டுத் தேசியம் என்ற பொருளில் வலதுசாரி. ஆனால் இலவச அரிசி, வீடு, எரிவாயு என்று அரசின் கை எங்கும் நீளுவதை அது எதிர்ப்பதில்லை. அதையே தன் சாதனையாகச் சொல்கிறது. பிரதீப் சிப்பரும் ராகுல் வர்மாவும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு நூலில் இந்தியாவின் சித்தாந்தப் பிளவை வேறு இரண்டு கோடுகளில் காட்டினார்கள். சமூக வழக்கங்களை மாற்ற அரசுக்கு உரிமை உண்டா என்பது ஒன்று. பின்தங்கிய பிரிவுகளுக்கும் சிறுபான்மையினருக்கும் அரசு தனி இடம் தர வேண்டுமா என்பது மற்றொன்று. ‘நீங்கள் இடதா வலதா’ என்று கேட்பதைவிட இந்த இரண்டையும் கேட்பது நம் மண்ணுக்குப் பொருத்தம். மாயாபந்தரில் நின்று பார்த்தால் இந்த இரண்டு கேள்விகளும்கூட வேறு பொருள் கொள்கின்றன. அதற்கு முன் தீவுகளின் தேர்தல் கதையைச் சொல்லிவிட வேண்டும்.

தீவுகளுக்குச் சட்டமன்றம் கிடையாது. ஒரே ஒரு மக்களவைத் தொகுதி. 1967-க்கு முன் அந்த ஒருவரும் நியமன உறுப்பினர்தான். 1967-இலும் 1971-இலும் காங்கிரஸின் கே.ஆர்.கணேஷ் வென்றார். 1977-இல் நாடே காங்கிரஸைக் கவிழ்த்தபோது தீவுகள் காங்கிரஸின் மனோரஞ்சன் பக்தாவைத் தேர்ந்தெடுத்தன. அவர் மொத்தம் எட்டு முறை உறுப்பினராக இருந்தார். 1999-இல் பா.ஜ.க.வின் விஷ்ணு பத ராய் வென்றார். 2009-இல் மத்தியில் காங்கிரஸ் கூடுதல் பலத்தோடு திரும்பியபோது தீவுகள் மறுபடியும் ராயை அனுப்பின. 2019-இல் பா.ஜ.க. 303 இடங்களைப் பிடித்த அலையில் தீவுகள் காங்கிரஸின் குல்தீப் ராய் சர்மாவை வெற்றிபெறச் செய்தன: 95,308-க்கு 93,901, வித்தியாசம் 1,407 வாக்குகள். அந்த முறை பா.ஜ.க. ராயை நிறுத்தாமல் வேறொருவரை நிறுத்தியிருந்தது. 2024-இல் பா.ஜ.க. 240-க்கு இறங்கியபோது, மீண்டும் நிறுத்தப்பட்ட ராயைத் தீவுகள் 24,396 வாக்கு வித்தியாசத்தில் தேர்ந்தெடுத்தன. ஆக, 2009, 2019, 2024 மூன்று முறையும் நாடு ஒரு பக்கம் சாய்ந்தபோது தீவுகள் மறுபக்கம் சாய்ந்தன. 2014 மட்டுமே ஒத்துப்போனது. நாட்டின் மனநிலையை அளந்து அதிலிருந்து தீவுகளின் மனநிலையை ஊகித்திருந்தால் நான்கில் மூன்று முறை தோற்றிருப்போம். காசைச் சுண்டிப் பார்த்தாலே இதைவிட மேலான பலன் கிடைத்திருக்கும். 2019-இல் தீவு மக்கள் திடீரென முற்போக்கானவர்களாகி 2024-இல் திடீரென வலதுபக்கம் திரும்பினார்கள் என்று யாராவது எழுதினால் அதை நம்ப முடியுமா? வேட்பாளர், அவர் வீட்டு மொழி, அவர் எத்தனை ஊருக்கு நேரில் வந்தார், டெல்லியில் அவர் பேச்சு எடுபடுமா என்ற விசாரணைதான் இங்கே வாக்கைத் தீர்மானிக்கிறது என்று கொள்வதே பொருந்துகிறது.

கணிப்பு நிறுவனங்கள் இந்தியாவைப் படிக்க ஒரு சட்டகம் வைத்திருக்கின்றன. உயர்சாதி, பிற்பட்டோர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், முஸ்லிம்கள், கிறித்தவர்கள் என்று கட்டம் போட்டு, எந்தக் கட்டம் எந்தக் கட்சிக்கு என்று காட்டுவார்கள். அந்தச் சட்டகத்தை மாயாபந்தரில் வைத்துப் பாருங்கள். அந்தமானில் பட்டியல் சாதியினர் பட்டியலே கிடையாது. தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் இருக்கும் ஒரு குடும்பம் இங்கே குடியேறினால், தீவுகளில் அதற்கு அந்தச் சலுகை கிடையாது. சோட்டா நாகபுரியிலிருந்து காட்டு வேலைக்குக் கொண்டுவரப்பட்டு ‘ராஞ்சி’க்காரர் என்று அழைக்கப்படும் ஆதிவாசிகள், தம் சொந்த மண்ணில் பழங்குடியினர், இங்கே அந்தப் பட்டியலில் இல்லை. மாயாபந்தரை ஒட்டிய வெபி முதலான ஊர்களில் வாழும் கரேன் மக்கள் 1925-இல் பர்மாவிலிருந்து வந்தவர்கள், கிறித்தவர்கள். தீவுகளின் பிற்பட்டோர் பட்டியலில் இடம்பெற்றவர்கள். கிழக்கு வங்கத்திலிருந்து 1949 முதல் குடியமர்த்தப்பட்ட அகதிகளின் வாரிசுகள் இருக்கிறார்கள். தண்டனைக் குடியிருப்புக் காலத்தில் சாதி கலந்து உருவான ‘லோக்கல் பார்ன்’ குடும்பங்கள் இருக்கின்றன. தமிழர், தெலுங்கர், மலையாளிகள் இருக்கிறார்கள். 2011 கணக்குப்படி தீவுகளில் வங்காளம் பேசுவோர் நூற்றுக்கு 28 பேர், இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13. பியூ அறிக்கை நாட்டைப் பகுதிகளாகப் பிரித்து, இந்துக்களில் இந்து அடையாளத்தை இந்தியத்தன்மையோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் மத்தியப் பகுதியில் 83 சதவீதம், தெற்கில் 42 சதவீதம் என்று காட்டியது. மாயாபந்தரை எந்தப் பகுதியில் வைப்பது? கிழக்கா, தெற்கா, வடக்கா? உயர் நீதிமன்றம் என்றால் கொல்கத்தா; தொலைபேசி உரிமப் பகுதிக் கணக்கிலும் மேற்கு வங்கம்தான்; மளிகைக்கும் மருத்துவத்துக்கும் கப்பல் போகும் கரைகளில் ஒன்று சென்னை. இடஒதுக்கீடு வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால், இங்கே வரும் பதிலில் ‘சித்தாந்தம்’ குறைவாகவும் ‘எங்கள் சமூகத்தைப் பட்டியலில் சேர்த்தார்களா’ என்பது அதிகமாகவும் இருக்கும். தனி இடம் தரும் கொள்கையை எதிர்க்கும் ஒருவர் அந்தக் கொள்கையால் விடுபட்டவராக இருக்கலாம். அவரை வலதுசாரிக் கட்டத்தில் போட்டுவிட்டால் அவருடைய மனுவைக் கருத்தாக மாற்றிவிட்டோம் என்று பொருள்.

அடுத்தது, தேசிய முன்னுரிமைகள் என்ற பெயரில் தீவுகளில் இறங்கியவை. குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் விதிகள் 2024 மார்ச் 11-இல் அறிவிக்கப்பட்டன. நிலப்பகுதியில் இது மதம் பற்றிய கேள்வியாகக் கேட்கப்பட்டது. திக்லிப்பூரிலும் மாயாபந்தரிலும் ரங்கத்திலும் வாழும் கிழக்கு வங்க வாரிசுகளில் பெரும்பாலோருக்குக் குடியுரிமை எப்போதோ தீர்ந்த விஷயம். ஆனால் பிரிவினையும் அகதிக் கப்பலும் பாட்டனார் கதையாக வீட்டுக்குள் இருக்கின்றன. ஆதரிக்கிறேன் என்ற ஒரே பதில் டெல்லியில் ஒரு பொருளும் இங்கே இன்னொரு பொருளும் தரும். 2023 ஜனவரி 23-இல் 21 தீவுகளுக்குப் பரம் வீர் சக்ரா பெற்றவர்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. 2024 செப்டம்பர் 13-இல் போர்ட் பிளேர், ஸ்ரீ விஜயபுரம் ஆனது; சோழப் பேரரசின் கடற்படைத் தளமாக இருந்த தீவு என்று அதற்குக் காரணமும் சொல்லப்பட்டது. நக்கவாரத்தை ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி குறிப்பிடுவதை அறிந்த தமிழ் வாசகருக்கு இதில் ஒரு சிலிர்ப்பு வரலாம். அதே ராஜேந்திரன் படையெடுத்து வென்ற அரசின் பெயரும் ஸ்ரீவிஜயம்தான் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ள வேண்டும். பெயர் மாற்றம் நல்லதா கெட்டதா என்பது இங்கே நம் வழக்கு அல்ல. தலைநகரின் பெயரை மாற்றுவது தங்கள் பட்டியலில் எத்தனையாவது இடம் என்று அந்த ஊர்க்காரர்களிடமே முதலில் கேட்டிருந்தால், வரலாற்றுப் பெருமைக்கு அது ஒரு குறையும் செய்திருக்காது.

பெரியது கிரேட் நிகோபார் திட்டம். கலத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டகத் துறைமுகம், விமான நிலையம், நகரியம், மின்நிலையம். ஏறத்தாழ 72,000 கோடி ரூபாய் மதிப்பீடு. சுமார் 130 சதுர கிலோமீட்டர் காடு. 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி. முப்பது ஆண்டுகளில் அங்கே மூன்றரை லட்சம் பேர் குடியேறக்கூடும் என்பது திட்டத்தின் கணக்கு. அது இப்போதைய மொத்தத் தீவுகளின் மக்கள்தொகைக்குக் கிட்டத்தட்ட சமம். பாதுகாப்பு, கடல் வணிகம் என்று நாடு தழுவிய கணிப்பில் கேட்டால் பலரும் ஆம் என்பார்கள் என்றே தோன்றுகிறது. வலதுசாரி வாக்காளர் மட்டும் அல்ல, மற்றவர்களும். மாயாபந்தர் மக்களும் ஆம் என்று சொல்லலாம். தங்கள் பிள்ளைகளுக்கு வேலை வரும் என்று எதிர்பார்க்கலாம். இல்லை, அறுநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் கொட்டப்படும் பணத்தில் பத்தில் ஒரு பங்கு போதும், எங்கள் ஆஸ்பத்திரிக்கும் சாலைக்கும் என்றும் சொல்லலாம். எது என்று ஊகிக்க யாருக்கும் உரிமையில்லை. 2020 ஆகஸ்ட் 10-இல் திறக்கப்பட்ட சென்னை – அந்தமான் கடலடிக் கம்பிவடம் 1,224 கோடி ரூபாய் செலவில் எட்டுத் தீவு மையங்களை இணைத்தது. நடு அந்தமானில் அது கரையேறிய ஊர்கள் ரங்கத்தும் லாங் ஐலண்டும். அந்தத் திட்டத்தால் மாயாபந்தர் மாணவர்களுக்கு எவ்வளவு பயன் என்பது அளந்து சொல்லக்கூடிய ஒரு கேள்வி. அளக்கப்பட வேண்டிய கேள்வியும்கூட.

இனி எதிர்வாதங்கள். முதல் வாதம்: மொத்த வாக்காளரில் பத்தாயிரத்துக்கு மூன்று பேர், இவர்களுக்காகத் தனிக் கணிப்பு ஆடம்பரம். இதற்குப் பதில் பியூவின் ஆய்விலேயே இருக்கிறது. இந்திய மக்களில் பௌத்தர்கள் 0.7 சதவீதம். பங்கின்படி எடுத்திருந்தால் சுமார் 210 பேர்தான் வந்திருப்பார்கள். பௌத்தர்களைத் தனியாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று கூடுதலாகத் தேடி 719 பேரைச் சந்தித்தார்கள். பிறகு நாட்டுச் சராசரி கெடாதபடி எடை குறைத்துச் சேர்த்தார்கள். கணிப்புத் தொழிலில் இது பழகிய முறை. எந்தச் சிறு குழுவைத் தனியாகக் கேட்க வேண்டும் என்பது கணிதம் சொல்வது அல்ல, நாம் முடிவு செய்வது. நாட்டின் கொள்கை யார்மீது அளவுக்கு மிஞ்சி இறங்குகிறதோ அவர்களைக் கூடுதலாகக் கேட்பது என்ற விதியை வைத்துக்கொண்டால், இந்தத் தீவுகள் முதல் வரிசையில் வரும்.

இரண்டாவது வாதம் வலுவானது: தேர்தலே எல்லோரையும் கேட்கும் கணிப்புதானே? தேர்தல் ஆணையம் போகாத இடமில்லை. 2024-இல் கிரேட் நிகோபாரின் ஷோம்பென் பழங்குடியினர் ஏழு பேர் முதன்முறையாக வாக்களித்தார்கள். எந்தக் கணிப்பு நிறுவனமும் அந்தக் காட்டுக்குப் போனதில்லை. உண்மை. ஆனால் வாக்குச்சீட்டில் ஒரே கேள்விதான்: யார்? எதற்காக என்று அதில் இடமில்லை. சட்டமன்றம் உள்ள மாநிலத்தில், மக்களவைக்கு ஒருவரை, சட்டமன்றத்துக்கு இன்னொருவரை அனுப்பித் தன் எண்ணத்தை மக்கள் இரண்டாகப் பிரித்துச் சொல்ல முடியும். தமிழ்நாட்டு வாக்காளருக்கு அது கைவந்த கலை. தீவுகளுக்கு அந்த வசதி இல்லை. ஊராட்சித் தேர்தலுக்கு மேல், மக்களவை உறுப்பினர் ஒருவர், துணைநிலை ஆளுநர் தலைமையில் நிர்வாகம், அவ்வளவுதான். குறைவாகப் பேச வாய்ப்புள்ள இடத்தில்தான் கேட்கும் கருவிகள் அதிகம் வேண்டும்.

மூன்றாவது வாதம்: கருத்துக்கணிப்புகளே நம்பத் தகாதவை. 2004-இல் ‘இந்தியா ஒளிர்கிறது’ காலத்தில் வாஜ்பாய் அரசு திரும்பும் என்றார்கள், திரும்பவில்லை. 2024 ஜூன் 1 மாலை எக்ஸிட் போல்களில் ஆக்ஸிஸ் மை இந்தியா தேசிய ஜனநாயகக் கூட்டணிக்கு 361 முதல் 401 வரை கொடுத்தது. டுடேஸ் சாணக்யா 400-ஐ ஒட்டிச் சொன்னது. ஜூன் 4-இல் எண்ணியபோது 293. நேர்மாறான பாடமும் உண்டு: 1992 பிரிட்டன் தேர்தலில் கணிப்புகள் கன்சர்வேடிவ் கட்சியைக் குறைத்து மதிப்பிட்டன, வாக்கை வெளியில் சொல்லக் கூச்சப்பட்டவர்கள் பற்றிய பேச்சு அப்போது பிறந்தது. அங்கே வலதுசாரி வாக்கு மறைந்தது; இங்கே 2004-இலும் 2024-இலும் அது மிகைப்பட்டது. இரண்டுக்கும் அடியில் இருப்பது மனித சுபாவம்: கேட்பவர் முகம் பார்த்துப் பதில் சொல்வது. அரசு வேலையும் அரசு ஒப்பந்தமும் பல குடும்பங்களின் சோறாக இருக்கும் தீவில், அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு இந்தியில் கேள்வி கேட்கும் ஓர் அந்நியரிடம் ஆளுங்கட்சியைக் குறை சொல்ல எத்தனை பேர் துணிவார்கள்? 2013-இல் தேர்தல் ஆணையம் கருத்துக் கேட்டபோது கணிப்புகளைத் தடுக்கலாம் என்று காங்கிரஸ் சொன்னது. வாக்குப்பதிவு முடியும் வரை எக்ஸிட் போல் வெளியிட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஏ பிரிவு ஏற்கெனவே தடை போடுகிறது. அது நியாயமான தடை. அதற்கு மேல் போய்க் கணிப்பையே நிறுத்துவது, காய்ச்சலுக்குப் பயந்து வெப்பமானியை உடைப்பது.

மேலே சொன்ன தோல்விகள் எல்லாம் வெற்றி தோல்வியை ஊகிக்கப் போய் வந்தவை என்பதைக் கவனிக்க வேண்டும். 2019 அந்தமானையே எடுத்துக்கொள்ளுங்கள். இரு வேட்பாளர்களுக்கும் இடையே இருந்தது 0.7 சதவீதத்துக்கும் குறைவு. அந்த முன்னிலையை நம்பகமாகக் கணிக்க, ஒழுங்கான குலுக்கல் முறையில் எடுத்தாலும், சுமார் 55,000 பேரைக் கேட்டாக வேண்டும். அன்று வாக்களித்தவர்களில் நாலில் ஒருவருக்கும் மேல். அதற்கு வாக்குப் பெட்டியைத் திறக்கும்வரை பொறுத்திருப்பதே மேல். ஆனால் “சாலையா, மருத்துவமா, வேலையா, குடிநீரா” என்ற கேள்விக்கு அத்தனை நுட்பம் வேண்டாம். மாயாபந்தர் மாவட்டத்தில் ஒழுங்காகத் தேர்ந்த 1,000 பேர் போதும். பதிலில் மூன்று சதவீதம் முன்பின் இருக்கும். முதலிடத்துக்கும் ஐந்தாமிடத்துக்கும் உள்ள தூரத்தை அறிய அது தாராளம். நம் ஊடகங்கள் கணிப்பின் முழுப் பலத்தையும் அதனால் சரியாகச் செய்ய முடியாத வேலையில் செலவழித்துவிட்டு, அதனால் நன்றாகச் செய்ய முடிந்த வேலையைக் கடைசிப் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுகின்றன. ஒரு பத்திரிகைக்காரராக இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

நான்காவது ஓர் எதிர்வாதம் உண்டு. அதுவே என்னை அதிகம் யோசிக்க வைத்தது. மாயாபந்தரிலிருந்து தலைநகருக்குப் போகும் அந்தமான் டிரங்க் ரோடு ஜரவா பழங்குடியினரின் காப்பகத்தை ஊடுருவிச் செல்கிறது. அந்தப் பகுதியில் சாலையை மூட 2002-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இன்றும் வாகனங்கள் காவல் துணையோடு வரிசையாகப் போய்வருகின்றன. நோயாளியை அழைத்துப் போகவும், பாக்கு மூட்டையை ஏற்றவும், மாணவர் தேர்வுக்குப் போகவும் அந்தச் சாலைதான். ஒரு லட்சம் பேரிடம் கேட்டால் சாலை வேண்டும், அகலமாக வேண்டும் என்றே பெரும்பான்மை சொல்லும் என்று எவரும் எதிர்பார்க்கலாம். சில நூறு ஜரவாக்களிடம் எந்தக் கணிப்பும் கேட்க முடியாது, 1956-இன் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி அந்நியர் அங்கே நுழையவும் கூடாது. அப்படியானால் கணிப்பு நடத்துவது வலியவர்களின் குரலை இன்னும் உரக்க ஒலிக்கச் செய்வதாகாதா? ஆகும், கணிப்பைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டால். மக்கள் என்ன வேண்டுகிறார்கள் என்று அறிவது அரசின் கடமை. எதைப் பெரும்பான்மை கேட்டாலும் எடுக்கக் கூடாது என்பது அரசியல் சட்டத்தின் வேலை. ‘சாலை வேண்டும்’ என்பதோடு நிறுத்தாமல், கடல் வழியில் நாள்தோறும் விரைவுப் படகு வந்தால் சாலையை விடச் சம்மதமா என்று அடுத்த கேள்வியைக் கேட்ட கணிப்பு ஒன்றாவது இருந்திருந்தால், இருபது ஆண்டு வழக்காடலில் யாருக்கும் கிடைக்காத ஒரு வழி அதில் தென்பட்டிருக்கலாம். 1978-க்கு முந்தைய காட்டு ஆக்கிரமிப்பு, பிந்தைய ஆக்கிரமிப்பு என்று பிரிக்கப்பட்டுப் பட்டா இல்லாமல் இருப்பவர்களின் வழக்கும் அப்படிப்பட்டதே. காடு காக்கப்பட வேண்டும், குடும்பம் தெருவுக்கு வரக் கூடாது: இரண்டையும் ஒரே ஆள் சொல்வார், இரண்டையும் அவர் மனதாரச் சொல்வார்.

எப்படிக் கேட்பது? வங்காளம், இந்தி, தமிழ், தெலுங்கு, கரேன் ஆகிய மொழிகளில், அந்தந்த மொழி வீட்டில் பேசும் ஒருவர் கேட்க வேண்டும். மாயாபந்தரிலேயே மகாத்மா காந்தி அரசுக் கல்லூரி இருக்கிறது, அங்கே படிக்கும் பிள்ளைகள் இந்த எல்லா மொழிகளையும் வீட்டிலிருந்து கொண்டுவருகிறவர்கள். முதல் கேள்வி பட்டியல் கொடுக்காத கேள்வியாக இருக்க வேண்டும். கோயிலா வேலையா என்று தேர்வு கொடுத்தால் அந்த இரண்டில் ஒன்றுதான் வரும்; உங்களை எது வாட்டுகிறது என்று கேட்டுவிட்டுப் பேசாமல் எழுதிக்கொண்டால், கேள்வித்தாள் தயாரித்தவர் நினைத்தே பார்க்காத பதில் வரும். யாருக்கு வாக்களித்தீர்கள் என்பது கடைசிக் கேள்வியாக, அவரே மடித்துப் பெட்டியில் போடும் சீட்டாக இருக்கட்டும். லோக்நிதி பல தேர்தல்களில் செய்துவரும் முறை அது. ‘வளர்ச்சி’ என்ற சொல்லைக் கேள்வித்தாளில் எங்கும் போடக் கூடாது. ஒருவருக்கு அது விமான நிலையம், இன்னொருவருக்கு மாயாபந்தரின் ராஜேந்திர பிரசாத் ஆஸ்பத்திரியில் ஒரு சிறப்பு மருத்துவர்.

யாரிடம் கேட்பது என்பதற்கான பட்டியல்தான் இதுவரை பெரிய தடை. 2021-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கவில்லை. இன்றைய கணிப்புகள் எல்லாம் 2011 எண்களை வைத்து எடை போடுகின்றன. அதன்பின் யார் தீவைவிட்டுப் போனார்கள், யார் வந்தார்கள் என்பது அந்த எண்களில் இல்லை. அடுத்த கணக்கெடுப்பின் அடிப்படை நாள் 2027 மார்ச் 1 என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. அப்போது வெபியிலும் கர்மாதாங்கிலும் ஆஸ்டின் நீரிணைக்கு அந்தப் பக்கமும் வீடு வீடாகப் போய் எண்ணுவார்கள். அந்த எண்ணிக்கை வெளியான பின், எந்த ஊருக்கு எத்தனை பேர் என்று பங்கு போட்டு, வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் ஆயிரம் பெயர்களை எடுப்பது ஒரு பிற்பகல் வேலை.